குளிருது என்று சொன்னால் நம்ப வேண்டும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூரில் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் மாசி முடிந்த பிறகும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினால், "இதென்ன ஊட்டியா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். வெறும் கேலிதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கேலிக்கு ஆளானவர் மறுநாள் ஸ்வெட்டரைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு நடுங்குவார். எல்லோரும் சாதாரணமாக இருக்கும்போது தனக்கு மட்டும் ஏன் குளிருகிறது என்பதை வீட்டிலும் பேசமாட்டார், மருத்துவரிடமும் சொல்லமாட்டார். எப்போதும் குளிருகிறது என்று ஒருவர் சொன்னால், அதை உடம்பு தரும் தகவலாக நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். காரணத்தைத் தேட வேண்டும். தேடுகிற காலத்தில் அவர் கூச்சமில்லாமல் போட்டுக்கொள்ளக்கூடிய கதகதப்பான உடைக்கு வழிவிட வேண்டும்.

சமவெளியில் குளிரே கிடையாது என்பதுதான் முதல் மறுப்பு. தமிழர்கள் அப்படி நினைத்ததில்லை. ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தபோது கூதிர், முன்பனி, பின்பனி என்று மூன்றைக் குளிருக்கே ஒதுக்கினார்கள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழி பிறந்ததும் மலையில் மட்டுமல்ல. அதோடு, ஒரே அறையில் இருக்கும் இருவருக்கு ஒரே குளிர் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. உடம்பு எவ்வளவு வெப்பத்தை உண்டாக்குகிறது, தோலுக்கு அடியில் எவ்வளவு கொழுப்பும் தசையும் இருக்கின்றன, கைகால்களுக்கு ரத்தம் எப்படிப் போகிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். அலுவலகக் கட்டடங்களின் குளிரூட்டல் அளவுகோல் சராசரி ஆணின் உடலை வைத்தே வகுக்கப்பட்டது என்றும், அது பெண்களின் உடல் உண்டாக்கும் வெப்பத்தை மிகையாகக் கணக்கிடுகிறது என்றும் 2015-இல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் வந்த ஆய்வு சுட்டிக்காட்டியது. ஆகவே ஏ.சி. அறையில் ஒருவர் வேர்க்க, பக்கத்து மேசைக்காரர் நடுங்கினால் இருவருமே பொய் சொல்லவில்லை. இந்தியாவில் 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்பது விதி. அதை 18-க்கு இறக்குவது பெரும்பாலும் பழக்கம்தான்.

எல்லாக் குளிரும் இயல்பான வேறுபாடு என்று விட்டுவிடவும் முடியாது. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. அதாவது இரண்டு பெண்களில் ஒருவருக்கு மேல். ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் உடம்பெங்கும் போகும் ஆக்சிஜன் குறையும். வெப்பம் உண்டாக்கும் திறனும் குறையும். கைகால் சில்லிடுதல், படியேறினால் மூச்சு வாங்குதல், காரணமில்லாத அசதி, கீழ் இமையின் உட்புறம் வெளிறுதல் எல்லாம் சேர்ந்து வந்தால் ரத்தசோகையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அடுத்தது தைராய்டு. அந்தச் சுரப்பி மந்தமானால் உடம்பின் அடுப்பே தணிந்துவிடும். குளிரோடு எடை கூடுவது, மலச்சிக்கல், முடி உதிர்தல், தோல் வறட்சி, மாதவிடாயில் அதிகப் போக்கு ஆகியவை அதன் அறிகுறிகள். சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது. எடை மிகவும் குறைந்திருப்பது, சர்க்கரை நோயால் நரம்பு பாதிப்பது, ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் சில மாத்திரைகள் ஆகியவையும் குளிரைக் கூட்டலாம். காய்ச்சலோடு திடீரென வரும் நடுக்கம் வேறு விஷயம். அதற்கு ஸ்வெட்டர் தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எப்போதும் இருக்கும் குளிருக்குப் பரிகாரம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஹீமோகுளோபின் அளவை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் கீழே போனால் ரத்தசோகை என்று கொள்வார்கள். ரத்தம் சரியாக இருந்தும் குளிர் போகவில்லை என்றால் தைராய்டுக்கான டி.எஸ்.எச். பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்கலாம். மேல்சிகிச்சைக்குத் திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-ஐ அழைக்கலாம். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் மல்லாட்டையும் நல்ல உணவுதான். ஆனால் ரத்தசோகை வந்தபின் அவை மாத்திரைக்கு ஈடாகா. இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு விழுங்கினால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போவது அந்த மாத்திரையின் இயல்பு. அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். தைராய்டு மாத்திரையும் எடுப்பவர்கள் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

மாத்திரையால் சரியாகும் என்றால் உடை எதற்கு என்று கேட்கலாம். மாத்திரை வேலை செய்ய வாரங்களும் மாதங்களும் ஆகும். சிலருக்குப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தும் குளிர் குறையாது. அதுவரை அவர் நடுங்கிக்கொண்டே வேலைக்குப் போக வேண்டுமா? ஸ்வெட்டர் பழகினால் உடம்பு தாங்காமல் போய்விடும் என்ற பேச்சும் உண்டு. ரத்தசோகையோ தைராய்டோ குளிரைப் பொறுத்துக்கொள்வதால் குணமாவதில்லை. பெரிய எதிர்ப்பு இன்னொன்று: நோய் என்றால் ஒரு துப்பட்டியைப் போர்த்திக்கொள்ளட்டும், அதில் அழகு எதற்கு? இந்தக் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. அழகில்லாத உடை அலமாரியில் தூங்கும். அலமாரியில் இருக்கும் கம்பளி யாரையும் சூடாக்காது. கல்லூரிக்குப் போகும் பெண்ணும் வங்கியில் உட்காரும் ஊழியரும் ஓர் உடையைத் தினமும் போட வேண்டுமென்றால், அது அவர்களுக்குப் பொருந்தி அமைய வேண்டும். அந்த அளவில் அழகும் சிகிச்சைக்குத் துணைதான்.

நல்வாய்ப்பாக, உடம்பைச் சூடாக வைக்கும் முறையும் பார்க்க நன்றாக இருக்கும் முறையும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. நம்மைச் சூடாக வைப்பது துணியின் தடிமனை விட, அடுக்குகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. நான்கு முழ வேட்டியை விட இரட்டையாக வரும் எட்டு முழ வேட்டி கதகதப்பாக இருப்பதன் ரகசியம் இதுவே. ஒரே தடித்த ஸ்வெட்டரில் மூட்டை மாதிரித் தெரிவதை விட, உடம்போடு ஒட்டிய மெல்லிய உள்ளாடை, அதன்மேல் வழக்கமான உடை, அதற்கும் மேல் கச்சிதமான ஒரு பின்னலாடை என்று மூன்று அடுக்காகப் போடுவது மேல். சூடேறினால் ஒன்றைக் கழற்றிவிடலாம். சேலை கட்டுபவர்களுக்கு முழுக்கை ரவிக்கையும் உள்பாவாடைக்குக் கீழே ஒரு லெகிங்ஸும் வெளியே தெரியாமல் பாதிக் குளிரைப் போக்கும். பட்டு இயல்பிலேயே கதகதப்பான இழை. இதே மாவட்டத்தில் ஆரணியில் நெய்யும் பட்டு விசேஷத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. ஆண்களுக்குச் சட்டைமேல் கையில்லாத ஸ்வெட்டர் எந்த அலுவலகத்திலும் எடுப்பாக இருக்கும். கழுத்து, காது, பாதம் மூன்றையும் மூடினால் மீதிக் குளிர் தாங்கக்கூடியதாகிவிடும். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால், வியர்த்த பனியனை உடனே மாற்ற வேண்டும்.

வாங்கும் இடத்திலும் ஏமாறாமல் இருக்க வேண்டும். கம்பளி என்று சொல்லி அக்ரிலிக்கையும், பஷ்மினா என்று சொல்லி விஸ்கோஸையும் விற்பது சந்தையில் சகஜம். அக்ரிலிக் மோசமான துணி இல்லை. விலை குறைவு, துவைப்பதும் எளிது. அதைக் கம்பளியின் விலைக்கு வாங்குவதுதான் நஷ்டம். லேபிளில் இழை விகிதத்தைப் பார்க்க வேண்டும். வாங்கியபின் தையல் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, கவனமாகத் தனியே எரித்துப் பார்க்கலாம். கம்பளி முடி கருகும் வாசத்தோடு எரிந்து நொறுங்கும் சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கெட்டி மணியாகும். பொருளின் தரத்தைப் பொய்யாகச் சொல்வதும், பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகை இந்த உரிமையைப் பறிக்காது. ஆனால் நிறம் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பித் தர இந்தச் சட்டம் உதவாது. குறை இருக்க வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இத்தனைக்கும் அடிப்படை அந்தச் சின்ன பில்தான்.

கதகதப்பான உடைக்கே உரிய ஆபத்துகள் இரண்டு. ஒன்று இருசக்கர வாகனம். பின்னால் உட்காருபவரின் சால்வையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால் கழுத்தையே இழுத்துவிடும். அதனால்தான் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 123-ஆம் விதி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு வேண்டும் என்கிறது. நாம் 'சாரி கார்டு' என்று சொல்லும் அந்தக் கம்பியை வண்டியின் அழகு கெடுகிறது என்று கழற்றிவிடுவது சட்டத்தையும் உயிரையும் சேர்த்துக் கழற்றுவதுதான். வண்டியில் போகும்போது சால்வை வேண்டாம். முன்பக்கம் ஜிப் வைத்த ஜாக்கெட் காற்றையும் தடுக்கும், தொங்கவும் செய்யாது. இரண்டாவது நெருப்பு. கார்த்திகை தீபத்தன்று வீட்டு வாசல் முழுக்க அகல் எரியும். கிரிவலப் பாதையில் கற்பூரம் எரியும். நைலான், பாலியஸ்டர் உடை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு வெளி அடுக்கு பருத்தியாகவோ கம்பளியாகவோ இருப்பதும், முனைகள் தொங்காமல் ஊக்குக் குத்தியிருப்பதும் நல்லது. தீக்காயம் பட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

ஸ்வெட்டர் போட்டால் ஒழுங்கு கெடும் என்று பள்ளியும் அலுவலகமும் சொல்லக்கூடும். அரசு ஊழியர் உடை குறித்து 2019-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆணை, பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார் ஆகியவற்றையும், ஆண்களுக்குச் சட்டை-பேன்ட், வேட்டி ஆகியவற்றையும் ஏற்றது. அது காக்க நினைத்தது கண்ணியத்தை. அந்த உடைகளின்மேல் ஒரு ஸ்வெட்டர் ஏறினால் கண்ணியம் இறங்கிவிடும் என்று வாதிடுவது கடினம். மலைப்பகுதி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அரசே கம்பளிச் சட்டை தருகிறது. குளிர் என்பது உடையோடு தொடர்புடைய விஷயம் என்று அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது என்றுதான் இதற்குப் பொருள். சமவெளிப் பிள்ளைக்கு இலவசமாகக் கிடைக்காவிட்டாலும், சீருடை நிறத்திலேயே ஒரு ஸ்வெட்டர் போட அனுமதி கேட்டுப் பெற்றோர் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதலாம். மருத்துவர் சீட்டும் இணைத்தால் மறுப்பது எளிதல்ல. கடை ஊழியர்கள் நாள் முழுக்க நிற்பது தொழிலோடு வந்தது என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தோம். இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத்தைத் திருத்தியது. கால் வலிக்கிறது என்று சொன்னவர்களை நம்பியதால் வந்த மாற்றம் அது.

குளிரைச் சொல்பவருக்கும் அதே நம்பிக்கை போதும். கீழ்பென்னாத்தூர்ப் பேருந்தில் பங்குனி வெயிலில் யாராவது ஸ்வெட்டரோடு ஏறினால், ஊட்டியைப் பற்றிக் கேட்க வேண்டாம். பழக்கமானவர் என்றால் "ரத்தம் பார்த்தீங்களா?" என்று கேட்கலாம். பழக்கமில்லாதவர் என்றால், "நல்லா இருக்கே, எங்கே வாங்கினீங்க?" என்பதே போதும். மறுநாளும் அவர் அதைப் போட்டுக்கொண்டு வருவார்.