நிலத்தடியில் எரிவாயுக் குழாய்

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உழவர் ஒருவர் அரசு அறிவிக்கை ஒன்றை நம்மிடம் கொணர்ந்தார். "நிலத்தை எடுத்துக்கொள்ளப் போகிறார்களா, சாமி?" என்று வினவினார்.

எடுக்கமாட்டார்கள், ஆயினும் அவரது அச்சம் வீண் அன்று. 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியம், கனிமக் குழாய்கள் சட்டப்படி நிலம் உரியவருக்கே நிற்கும். அதனடியில் குழாய் பதித்துப் பேணும் 'பயன்பாட்டு உரிமை' மட்டுமே மைய அரசுக்கோ, குழாய் பதிக்கும் நிறுவனத்துக்கோ செல்லும். அப்பகுதியில் வழக்கம்போல் நெல்லோ கடலையோ பயிரிடலாம். வீடு கட்டலாகாது, கிணறு வெட்டலாகாது, மரம் நடலாகாது. தென்னையை நம்பிய குடும்பத்துக்கு இது சிறு இழப்பா? ஆகாபு மன்னன் நாபோத்தின் தோட்டத்தையே கேட்டான். இங்கோ தோட்டம் நம்முடையது, கன்று நடும் உரிமைதான் நமக்கில்லை!

வெட்டுண்ட மரம், அழிந்த பயிர் ஆகியவற்றுக்கு ஈட்டுத்தொகை உண்டு. அதனோடு, முதல் அறிவிக்கை நாளில் அந்நிலத்துக்கிருந்த சந்தை மதிப்பில் 10 விழுக்காடும் தருவர். தொகையை ஏற்காதவர் மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம்.

கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட உழவர்கள் போராடியதன்பின், குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுசெல்லத் தமிழக அரசு 2013-இல் பணித்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை.

ஆதலால் தொடக்கத்திலேயே விழித்துக்கொள்ளல் வேண்டும். அறிவிக்கைப் படிகள் பொதுமக்களுக்குக் கிடைக்கும் நாளிலிருந்து 21 நாள்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். விசாரணையில் நேரிலோ வழக்கறிஞர் வழியாகவோ பேசலாம். நம்மிடம் வந்தவரோ அத்தாளை 18 நாள் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். மறுநாள் விடியலிலேயே அவரை வழக்கறிஞரிடம் அனுப்பிவைத்தோம்.