இடம்பெயரும் தலைவாயில்

தலைநகரம் வளரும்போது அதன் வாயிலும் இடம்பெயர்கிறது. சென்னையின் வெளியூர்ப் பேருந்துகள் முன்பு பாரிமுனையிலிருந்து புறப்பட்டன. அங்கு நெரிசல் மிகவே, 2002இல் கோயம்பேட்டில் புதிய நிலையம் எழுந்தது. நாளடைவில் அதனையும் நகரம் சூழ்ந்துகொண்டது. 2023 டிசம்பர் 30 அன்று, தென்மாவட்டப் பேருந்துகளுக்கான முனையம் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில், ஏறத்தாழ 88 ஏக்கர் பரப்பில் திறக்கப்பட்டது.

தலைநகரின் சுமையைப் பகிர்ந்துகொள்ளத் திட்டமிடப்பட்ட துணைநகரமே, மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய மறைமலை நகர். அங்கும் தாம்பரத்திலும் வாழ்வோர்க்குப் புதிய முனையம் ஒரு பெருவாய்ப்பு. பெருங்களத்தூர்ச் சாலையோரத்தில் வெயிலிலும் மழையிலும் பேருந்துக்குக் காத்து நின்றவர்கள் அவர்களே அல்லரோ!

கட்டடக்கலை என்றவுடன் நாம் முகப்பையும் தூண்களையும் எண்ணுகிறோம். பேருந்து முனையத்திற்கோ, அதனை வந்தடையும் வழியும் ஓர் உறுப்பாகும். திறப்புவிழாவின்போது முனையத்தை ஒட்டி இரயில் நிலையம் இல்லை. மெட்ரோ இரயிலும் விமான நிலையத்தோடு நின்றுவிட்டது. நள்ளிரவில் மூட்டையும் குழந்தையுமாக இறங்கிய திருவொற்றியூர்க்காரருக்கு, வீடு முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. அவ்வளவு தொலைவையும் அவர் மாநகரப் பேருந்தையோ ஆட்டோவையோ நம்பியே கடக்க வேண்டியிருந்தது.