கடைச் சுவருக்கு அச்சுத்துணி: செலவு செய்யுமுன் சில விஷயங்கள்



கடை வைக்க வட்டியில்லா அழகிய கடன் கேட்டு நம் டிரஸ்டுக்கு வந்த விண்ணப்பங்களில் ஒன்றைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது. புர்காவும் ஸ்கார்ஃபும் விற்கும் சிறிய கடை. அந்தத் தம்பி கேட்டிருந்த தொகையில் ஏறக்குறையப் பாதி, ‘உள் அலங்காரம், பிராண்டிங்’ என்ற ஒரே வரியில் போயிருந்தது. அக்ரிலிக் எழுத்துகள், சுவர் முழுக்க வினைல் ஸ்டிக்கர், ஒரு ஒளிப்பெட்டி. கடையோ வாடகைக் கடை, பதினொரு மாத ஒப்பந்தம். “காலி செய்கிற அன்றைக்கு இதில் எதைக் கழற்றி எடுத்துப் போவாய்?” என்று கேட்டேன். பதில் இல்லை.

அவர் ஆசைப்பட்டதில் தவறில்லை. பெரிய ஷோரூம்களைப் பார்த்துப் பழகிய வாடிக்கையாளர், சின்னக் கடையிலும் ஒரு ஒழுங்கை எதிர்பார்க்கிறார். ஆனால் அந்த ஷோரூம்களிலேயே இப்போது சுவரில் பளிச்சென்று தெரியும் பெரிய படங்கள் பலவும் ஸ்டிக்கரோ போர்டோ அல்ல, துணி. அதைப் பற்றி அச்சகத்தாரிடமும் தையல்காரர்களிடமும் கேட்டறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

இதற்கு எடுப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் துணி. அச்சிடும் முறைக்கு சப்ளிமேஷன் என்று பெயர். அலமாரியில் போடும் பாச்சை உருண்டை தண்ணீராகாமலே காற்றில் கரைந்து போகிறதல்லவா, அதே தத்துவம்தான். படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி ஒரு தாளில் அச்சிடுவார்கள். அதைத் துணியோடு சேர்த்து ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்தும்போது மை ஆவியாகி நூலிழைக்குள்ளேயே புகுந்துவிடும். அதனால் வண்ணம் உரியாது, கையில் ஒட்டாது, துணியை மடிக்கலாம், குளிர்ந்த நீரில் அலசலாம். பருத்தித் துணியில் இந்த மை நிற்காது. “எங்களிடம் காட்டன் இருக்கிறது, அதிலேயே சப்ளிமேஷன் போட்டுத் தருகிறோம்” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பருத்திக்கு வேறு மை, வேறு முறை.

மாட்டுவதற்கு இரண்டு வழி உண்டு. எளியது, மேலும் கீழும் மடித்துத் தைத்துக் குழாய் செருகித் தொங்கவிடுவது. மற்றது, துணியின் நான்கு ஓரங்களிலும் மெல்லிய சிலிக்கான் பட்டையைத் தைத்து, அலுமினியச் சட்டத்தின் பள்ளத்தில் விரலால் அழுத்திப் பொருத்துவது. துணி பறையைப் போல விறைப்பாக நிற்கும், சட்டம் கண்ணுக்கே தெரியாது. உள்ளே எல்.இ.டி. வைத்தால் அதுவே ஒளிப்பெட்டி. ஃப்ளெக்ஸைப் போல விளக்கு வெளிச்சம் பட்டுக் கண்ணைக் கூசாது.

ஃப்ளெக்ஸைவிட விலை கூடுதல்தான், மறைக்கவில்லை. ஆனால் சட்டம் ஒருமுறைச் செலவு. ரமலானுக்கு ஒன்று, பெருநாளுக்கு ஒன்று என்று துணியை மட்டும் மாற்றலாம். கடை மாறினால் சட்டத்தைக் கழற்றி, துணியைச் சுருட்டி ஆட்டோவிலேயே கொண்டுபோகலாம். வாடகைக் கடைக்காரருக்கு இதுதான் பெரிய லாபம். வெயில் நேராக விழும் கடை முகப்புக்கு மட்டும் இது வேண்டாம், நிறம் வெளுத்துவிடும்.

அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சுவரை அளந்து கொடுக்காதீர்கள். சட்டத்தைப் பொருத்திய பிறகு சட்டத்தை அளந்து கொடுங்கள். துணி இழுபடும் தன்மையை அச்சகத்தார் கணக்கில் எடுக்க வேண்டும். கொஞ்சம் பெரிதானால் சுருக்கம் விழும், சிறிதானால் பள்ளத்துக்கு எட்டாது. செல்போனில் பார்த்த நிறம் துணியில் அப்படியே வராது. ஒரு முழம் துணியில் மாதிரி அச்சிட்டு, உங்கள் கடை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்த பிறகே முழுப்பணம் கொடுங்கள்.

நெருப்பு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டும், தோலில் ஒட்டினால் ஆழமாகச் சுடும். ஃப்ளெக்ஸும் பிவிசிதான், எரிந்தால் மூச்சை அடைக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஆகவே எதுவானாலும் பிரியாணிக் கடை அடுப்புப் பக்கம் தொங்கவிடாதீர்கள். துணி வாங்கும்போது தீத்தடுப்புச் சான்று கேளுங்கள். சந்தேகமிருந்தால் வெட்டுத்துண்டு ஒன்றை வாங்கி, வெட்டவெளியில் இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சி காட்டிப் பாருங்கள். குச்சியை எடுத்ததும் தானே அணைய வேண்டும், தொடர்ந்து எரிந்தால் வேண்டாம். தீத்தடுப்பு மருந்து மேற்பூச்சாக இருந்தால் துவைக்கத் துவைக்கப் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

என்ன அச்சிடுகிறோம் என்பதும் உண்டு. இதில் குற்றவாளி நான்தான். ஒரு வருடம் நம் கல்வி உதவித்தொகை விழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடித்தபோது, மேலே அரபியில் பிஸ்மில்லாஹ்வைப் பெரிதாகப் போடச் சொன்னது நான். விழா முடிந்ததும் அது எங்கே போனதென்று கவனிக்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு மழையில் ஒரு தெருவழியே போனேன். குர்பானி ஆடுகளுக்கு மேல் கூரையாக அதே ஃப்ளெக்ஸ், எழுத்தெல்லாம் புழுக்கையும் சேறும். கட்டியவரைக் குறை சொல்ல முடியுமா? அவருக்கு அது ஒரு தார்பாய். அன்று முதல் நம் டிரஸ்டின் பதாகைகளில் ஆயத்தோ அல்லாஹ்வின் திருநாமமோ அச்சிடுவதில்லை. கடைக்காரர்களும் அப்படியே செய்யலாம். கடையின் பெயர், பொருள், ஒரு பூவேலைப்பாடு போதும்.

ஆள் படங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் உள்ள திரையைத் தொங்கவிட்டதும், நபி (ஸல்) அவர்கள் அதை வெறுத்ததும், பிறகு அந்தத் துணி தலையணையானதும் நாம் கேட்டறிந்த ஹதீஸ். உங்கள் கடைக்கு என்ன பொருந்தும் என்பதை இமாமிடம் கேட்டுத் தெளியுங்கள், அச்சகத்துக்குப் போகும் முன்பே.

இன்னொரு எண்ணமும் எனக்கு உண்டு. சிலிக்கான் பட்டையைக் கோணாமல் தைப்பதற்குச் சாதாரண தையல் இயந்திரமும் நிதானமான கையும் போதும் என்கிறார்கள். நம் தையல் வகுப்பில் படித்து முடித்துவிட்டு, பிளவுஸ் தைத்தே காலம் கழிக்கும் சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். விருப்பமுள்ளவர்கள் வகுப்பு ஆசிரியையிடம் பெயர் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், ஒரு சுருள் பட்டை வாங்கிப் பழகிப் பார்ப்போம்.

அந்தத் தம்பியின் மதிப்பீட்டைத் திருத்தி எழுதினோம். ஒரு சட்டம், இரண்டு துணி. மிச்சத் தொகை சரக்குக்குப் போனது. இனி கடைக்கடன் கேட்பவர்கள் அலங்காரச் செலவைத் தனித் தாளில் வரிவரியாக எழுதி, அஸருக்குப் பின் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள்.