கப்பலில் கண்ட முகம்

ஒரு காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா' கப்பல் பினாங்குத் துறைமுகத்திற்கு வரும். பல நாள் உடன் பயணம் செய்த ஒருவரைப் பிற்காலத்தில் நினைத்தால், அவர் செய்த சின்னச் சின்னச் செயல்களும் நினைவுக்கு வரலாம். யாரும் அவற்றை மனப்பாடம் செய்திருக்கமாட்டார்கள்.

காரணம் என்ன? டேவிட் ஹேமில்டனும் உடன் ஆய்வாளர்களும் 1980இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒருவரின் செயல்களைக் கூறும் வாக்கியங்களை இரு குழுவினர் படித்தனர். ஒரு குழு அவற்றை மனப்பாடம் செய்ய முயன்றது. மற்றக் குழுவோ, அவர் எப்படிப்பட்டவர் என்று யோசித்தது. பின்னர் அதிக வாக்கியங்களை நினைவுகூர்ந்தது யோசித்த குழுவே! உதிரிச் செயல்களை மனம் ஒரே மனிதரின் குணமாகக் கோத்துவிடுகிறது. அதில் பொருந்தாத செயல் இன்னும் ஆழமாகப் பதியக்கூடும்: பெட்டி தூக்க உதவிய நல்லவர், கரை இறங்கும்போது பிறரைத் தள்ளிவிட்டு முந்தியதைப்போல.