எக்ஸெல் சொல்லும் மல்யுத்த ஜோசியம்

கோடியக்கரையிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியுள்ளோம். என் தம்பி எப்போதும் எம்.எம்.ஏ. சண்டைகளையே பார்த்துக் கொண்டிருக்கிறான். யார் ஜெயிப்பார் என்று 90 சதவீதம் சரியாகச் சொல்லும் சாப்ட்வேர் இருக்கிறதாம். 4,000 ரூபாய் கேட்கிறான். வாங்கித் தரலாமா?"

வேண்டாம். அந்த வேலையை உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள எக்ஸெலிலேயே ஒரு மணி நேரத்தில் செய்து பார்க்கலாம். எக்ஸெல் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள்.

எம்.எம்.ஏ. என்பது குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் அனுமதிக்கப்படும் சண்டை. இருவருமே பிடி போடுபவர்களாக இருந்தால் கணிப்பது கடினம். உதாரணத்திற்கு, 2025 பிப்ரவரியில் கத்தாரில் நம் நாட்டின் ரிது போகத்தும் ஜப்பானின் அயாகா மியுராவும் மோதிய சண்டையை எடுத்துக் கொள்வோம். ரிது, 2016 காமன்வெல்த் மல்யுத்த சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்றவர். மியுரா ஜூடோ வீராங்கனை.

எக்ஸெலைத் திறந்து, முதல் வரிசையில் தேதி, எதிராளி, முடிவு, எப்படி என்று நான்கு தலைப்புகளை டைப் செய்யுங்கள். அதன் கீழ் ரிது அதற்கு முன் ஆடிய 10 சண்டைகளையும் ஒரு வரிசைக்கு ஒன்றாக இடுங்கள். உங்கள் ஊர் சரணாலயத்தில் பறவைகளின் காலில் வளையம் மாட்டிப் பதிவு செய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பறவைக்கு ஒரு எண், ஒரு பதிவு. இங்கும் அதே முறைதான். "எப்படி" என்ற காலத்தில் மூன்றே சொற்கள்: நடுவர் சண்டையை நிறுத்தியிருந்தால் நிறுத்தம், கடைசி வரை போய் மதிப்பெண்ணில் முடிந்திருந்தால் தீர்ப்பு, எதிராளி வலி தாங்காமல் தட்டி ஒப்புக்கொண்டிருந்தால் பிடி. ஓரிடத்தில் "தீர்பு" என்று தப்பாக அடித்துவிட்டால் கம்ப்யூட்டர் அதைத் தனியாக எண்ணும், கவனம்.

இனி டேட்டா டேபில் ஃபில்டரைக் கிளிக் செய்திடுங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் சிறிய அம்புக்குறி தோன்றும். "முடிவு" அம்பைக் கிளிக் செய்து, தோல்வி என்பதன் டிக்கை எடுத்துவிட்டு ஓகே கொடுங்கள். மீதி நிற்பது 7 வரிசை. பத்தில் ஏழு, அதாவது 70 சதவீதம். சாப்ட்வேர் விற்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

நாம் இன்னொரு படி போவோம். அந்த ஃபில்டரை நீக்கிவிட்டு "எப்படி" காலத்தில் பிடி மட்டும் தெரியும்படி செய்யுங்கள். இரண்டு வரிசைதான் வரும்: 2021 டிசம்பரில் தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ், 2022 செப்டம்பரில் சிங்கப்பூரின் டிஃபனி டியோ. இரண்டுமே தோல்வி! ஏழு வெற்றிகளில் மூன்று நிறுத்தம், நான்கு தீர்ப்பு. பிடி போட்டு ஜெயித்தது ஒன்றுகூட இல்லை.

காரணம் இருக்கிறது. ரிது கற்ற மல்யுத்தத்தில் எதிராளியின் இரு தோள்களையும் தரையில் பதித்தால் வெற்றி. மூட்டை முறுக்குவதும் கழுத்தை நெரிப்பதும் அங்கே தடை. எம்.எம்.ஏ.வில் தரையில் விழுந்த பிறகுதான் அவையெல்லாம் ஆரம்பிக்கின்றன. ஆகவே இரண்டு பிடிக்காரர்கள் மோதும்போது யார் யாரைக் கீழே தள்ளுவார் என்பதோடு, கீழே போனபின் முடிக்கத் தெரிந்தவர் யார் என்றும் பார்க்க வேண்டும். மியுராவின் சண்டைகளையும் இதேபோல் டைப் செய்து பாருங்கள். கழுத்தை வளைத்துப் பிடித்து, எதிராளியின் கையைத் தன் கால்களில் சிக்க வைத்து முறுக்கும் ஒரே பிடியில் பலரை வென்றிருக்கிறார். கத்தாரிலும் அதே பிடி. முதல் சுற்றிலேயே முடிந்துவிட்டது.

நம் டேபிள் கெட்டிக்காரத்தனமானது என்று நினைத்துவிடாதீர்கள். பத்து வரிசை மிகக் குறைவு. இந்த ஒரு தோல்வியைச் சேர்த்தாலே 70 சதவீதம் 63.6 ஆக இறங்கிவிடுகிறது. மேலும், முடிவு தெரிந்த பிறகு காரணம் சொல்வது எளிது. நானும் இப்போது அதைத்தான் செய்திருக்கிறேன். "90 சதவீதம்" என்பதும் பெரும்பாலும் இப்படி, முடிந்துபோன சண்டைகளை வைத்துக் காட்டும் கணக்குதான்.

இதில் பந்தயப் பணமும் கலந்திருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். தமிழகத்தில் ஆன்லைன் சூதாட்டத்துக்கு 2023 முதல் தடை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிராக 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் சட்டம் கொண்டு வந்துள்ளது.

தம்பிக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் புதிய ஷீட் ஒன்றைத் திறந்து கொடுங்கள். வரப்போகும் சண்டைகளுக்கான தன் கணிப்பைச் சண்டைக்கு முதல் நாளே அவர் டைப் செய்து சேவ் செய்யட்டும். ஃபைலின் பெயரில் அன்றைய தேதியும் இருக்கட்டும். இருபது சண்டை முடிந்ததும் அதே ஃபில்டரைப் போட்டு, எத்தனை சரி என்று இருவரும் சேர்ந்து எண்ணுங்கள்.