கச்சான் காற்றும் நிலைமின்னும்: ஹல்துமுல்லைத் தோட்டங்களில் ஒலிக்கருவிகளின் பாதுகாப்புப் பற்றிய சில குறிப்புகள்

மின்னியலைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் சொல், அம்பரைக் குறித்த கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்ததாகும். அம்பரைத் தேய்த்தால் அது துரும்பை ஈர்க்கும் என்ற பண்டைய அவதானமே அதன் அடிப்படை. நாம் வழங்கும் மின்சாரம் என்ற சொல்லோ முகிலிற் பளிச்சிடும் மின்னலோடு உறவுடையது. ஒன்று கைக்குள் அடங்கும் தேய்ப்பு. மற்றது வானில் நிகழும் வெடிப்பு. இரண்டும் ஒரே தோற்றப்பாட்டின் இரு வடிவங்களே என்பது, பெஞ்சமின் பிராங்கிளின் முன்மொழிந்து 1752 மே மாதத்தில் பாரிசுக்கு அண்மையில் நிகழ்த்தப்பட்ட பரிசோதனையால் நிறுவப்பட்டது. ஊவாவின் தோட்டப்பகுதிகளில் இவ்விரு வடிவங்களும் ஆண்டின் இரு வேறு பருவங்களில் உணரப்படுகின்றன. ஹல்துமுல்லைப் பகுதியின் லயக் காம்பராக்களில் உள்ள வானொலி, ஒலிபெருக்கி முதலிய கருவிகளை அவை எவ்வாறு தாக்குகின்றன என்பதையும், அத்தாக்கத்தைத் தவிர்க்கும் வாய்ப்பு யாருக்கு உண்டு என்பதையும் இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

இதனை அற்பமான விடயமெனக் கொள்ளுதல் பொருந்தாது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கிய காலத்தில் லயங்கள் இருளிலேயே கிடந்தன. மின்கலத்தில் இயங்கும் வானொலிப் பெட்டியே அம்மக்களை வெளியுலகோடு இணைத்தது. பின்னர் ஒலிநாடாக் கருவியும், இன்று கைத்தொலைபேசியோடு இணையும் ஒலிபெருக்கியும் அவ்விடத்தைப் பெற்றன. நாட்கூலியிற் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கப்படும் கருவி ஒரு நாள் காரணம் தெரியாமல் ஊமையாகும்போது, அதனை விதியின்மீதோ கடைக்காரரின் மீதோ சுமத்துவதே வழக்கம். காரணம் பௌதிகமானது, ஆதலால் அறியத்தக்கது.

இரு வேறு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டுப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றதற்கு இலத்திரன்கள் பெயர்கின்றன. இலத்திரனை இழந்தது நேரேற்றமும் பெற்றது மறையேற்றமும் அடைகின்றன. பொருள்கள் காவலிகளாயின் அவ்வேற்றம் ஓட வழியின்றி மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. எனவேதான் இது நிலைமின் எனப்படுகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருக்குமாயின், பொருள்களின் மேற்பரப்பிற் படியும் மெல்லிய நீர்ப்படலம் ஏற்றத்தைக் கசியச் செய்துவிடும். ஈரப்பதன் மிகக் குறைந்த அறையிற் கம்பளத்தின்மேல் நடப்பவரின் உடலில் 35,000 வோல்ற்று வரை ஏறலாம் என்றும், ஈரப்பதன் 65 சதவீதத்துக்கு மேற்படின் அது ஏறத்தாழ 1,500 வோல்ற்றாகக் குறையும் என்றும் மின்னணுத் தொழிற்றுறையின் கைந்நூல்கள் கூறுகின்றன. நமது நாட்டிற் பெரும்பாலான மாதங்களில் இத்தொல்லை உணரப்படாமைக்கு இதுவே காரணம்.

ஆயினும் ஊவாவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தென்மேல் பருவக்காற்று மத்திய மலைத்தொடரின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மறுபுறம் வறண்ட கச்சான் காற்றாக இறங்குகிறது. யூலை முதல் செப்தெம்பர் வரையிலான இவ்வறட்சி தேயிலைக் கொழுந்தின் வளர்ச்சியைத் தடுத்து அதன் மணத்தைச் செறிவாக்குகிறது. ஊவாத் தேயிலைக்கு ஏலச்சந்தையிற் சிறந்த விலை கிடைப்பது இப்பருவத்திலேயே. அதே காற்றுத்தான் காம்பராவினுள் உள்ள ஈரத்தையும் உறிஞ்சுகிறது. இரவிற் கம்பளியை உதறும்போதும் நைலெக்ஸ் சேலையைக் களையும்போதும் கேட்கும் சடசடப்பும், இருளிற் தெரியும் சிறு பொறியும் நிலைமின்னின் இறக்கமே. அதில் அஞ்சுதற்குரியது எதுவுமில்லை.

மனித உடல் ஏறத்தாழ 100 பிக்கோபரட்டுக் கொள்ளளவம் உடையதாகவும், 1,500 ஓம் தடையினூடாக மின்னை இறக்குவதாகவும் பொறியியலாளர் கணிப்பிடுவர். விரல் நுனியிற் சுரீரென உணரப்படும் பொறிக்குக் குறைந்தது 3,000 வோல்ற்று வேண்டும். அப்போது தேங்கியிருக்கும் சக்தி அரை மில்லியூலிலும் குறைவே. மனிதருக்கு அது தீங்கற்றது. ஆனால் 2 அம்பியர் அளவான மின்னோட்டம் ஒரு கணத்தின் மிகச் சிறு கூற்றில் ஒரு புள்ளியினூடாகப் பாய்கிறது. பழைய வால்வு வானொலிகள் இதனைத் தாங்கின. 1947இற் கண்டுபிடிக்கப்பட்ட திரான்சிஸ்டரின் வருகையோடு கருவிகள் சிறுத்தன, விலை குறைந்தன. கூடவே நொய்மையும் அடைந்தன. இன்றைய நுண்சுற்றுகளில் உள்ள ஒட்சைட்டுப் படலங்கள் மிக மெல்லியவை. காவல் அமைப்பு இல்லாதவிடத்துச் சில பத்து வோல்ற்றுகளே அவற்றைத் துளைக்கப் போதும். உற்பத்தியாளர் இதற்கெனக் காவல் உறுப்புகளைச் சேர்ப்பதனால், மூடிய கருவியைத் தொடும்போது பெரும்பாலும் ஒரு ‘டப்’ ஒலியோ கணநேரத் தடங்கலோதான் நேரும். காதொலிப்பானும் தொலைபேசி வடமும் செருகும் துளைகளும், அன்ரனாவின் நுனியும், மூடி திறக்கப்பட்ட திருத்துமேசையுமே ஆபத்தான இடங்கள். சில வேளைகளிற் சுற்று உடனே சாகாமல், காயப்பட்டுச் சில மாதங்களின் பின் செயலிழப்பதும் உண்டு.

தவிர்க்கும் வழி எளியது. வறண்ட நாட்களில் வடத்தைச் செருகுமுன் நிலத்தோடு தொடர்புடைய உலோகமொன்றை, எடுத்துக்காட்டாக இரும்புத் தண்ணீர்க் குழாயை, தொடுதல் வேண்டும். கம்பளி, செயற்கை இழைத்துணி ஆகியவற்றாற் கருவியைத் துடைத்தலாகாது. சற்றே ஈரமான பருத்தித்துணி போதும். திருத்துநர் ஒரு மெகாஓம் தடையினூடாகப் புவியோடு இணைக்கப்பட்ட மணிக்கட்டுப் பட்டியை அணிதல் நன்று.

பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலங்களான மார்ச்சு–ஏப்பிரல், ஒக்தோபர்–நவம்பர் மாதங்களின் பிற்பகல்களில் நிலைமை வேறாகிறது. முகிலினுள் பனித்துணிக்கைகள் மோதுவதால் ஏற்றம் பிரிந்து, கோடிக்கணக்கான வோல்ற்று அழுத்தமாகத் திரண்டு, ஏறத்தாழ 30,000 அம்பியர் மின்னோட்டமாக இறங்குகிறது. இடி வீட்டின்மேல் நேரே விழவேண்டியதில்லை. அயலில் விழும் இடியே மின்கம்பியிலும், தகரக் கூரையின்மேல் நிற்கும் அன்ரனாவிலும் மின்வீச்சைத் தூண்டிக் கருவியை எரித்துவிடும். ஆளியை அணைப்பது போதாது. அதன் சிறு இடைவெளியை இவ்வழுத்தம் தாண்டிவிடும். மழைமுகில் திரளும்போதே செருகியையும் அன்ரனாக் கம்பியையும் கழற்றிவிடல் வேண்டும். மின்னத் தொடங்கிய பின் அவற்றைத் தொடுவது உயிருக்கே ஆபத்து. ‘ட்ரிப் சுவிட்ச்’ கருவியைக் காக்கும் எனப் பலரும் நம்புகின்றனர். அது மனிதரை மின்கசிவினின்றும் காப்பதற்கானதே அன்றி மின்னல் வீச்சைத் தடுப்பதற்கானதன்று.

சிறு பொறிக்கும் பேரிடிக்கும் பொதுவான தீர்வு ஒன்றே: ஏற்றத்துக்குப் புவியினுள் இறங்க வழி அமைத்தல். வீட்டு மின்னிணைப்பின் புவித்தொடுப்பு என்பது மண்ணில் ஆழமாக அறையப்பட்ட ஒரு கோலே. மின்வீச்சுக் காப்பான் பயன்தருவதும் அதனோடு இணைந்தால்தான். இலங்கையின் நடைமுறைப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே அக்கோல் வேண்டும். தகுதியுள்ள மின்வினைஞரே அதனை அமைத்தலும் வேண்டும். இவ்விடத்திலேதான் பௌதிகப் பிரச்சினை சமூகப் பிரச்சினையாகிறது. வரிசையாக ஒட்டிக்கிடக்கும் லயத்தில் வீடு எது, அதன் நிலம் எது? அயற் காம்பராவிலிருந்து இழுத்த கம்பியில் விளக்கேற்றுபவருக்குப் புவித்தொடுப்பு எங்ஙனம் வாய்க்கும்? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. காம்பராவும் அதன் முற்றமும் அதில் வாழ்வோரின் உரிமையாவது இம்மாற்றங்களின் நோக்கமாக அமையவில்லை.

அறிவு மட்டும் காக்காது என்பதற்கு இப்பகுதியே துயரமிக்க சான்று. ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவுக்குட்பட்ட மீரியபெத்தையில் 2014 ஒக்தோபர் 29ஆம் திகதி மண்சரிவு லயங்களை மூடியது. அபாயம் பற்றி முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. பெயர்ந்து செல்லப் பாதுகாப்பான வீடும் நிலமுமே இருக்கவில்லை. வானொலிப் பெட்டியின் இழப்பை அப்பேரிழப்போடு ஒப்பிடுவது நமது நோக்கமன்று. இரண்டிலும் அறிவுக்கும் அதனைச் செயற்படுத்தும் வாய்ப்புக்கும் இடையே நிற்பது ஒரே தடைதான் என்பதே நாம் சுட்டுவது.

செருகியைக் கழற்றும் பழக்கத்தைப் பாடசாலையும் தொழிற்சங்கமும் இன்றே பரப்பலாம், பரப்பவும் வேண்டும். ஆயின் தலைமுறைகளாக அம்மண்ணைக் கொத்திப் பண்படுத்திய மக்களுக்கு, ஒரு செப்புக்கோலை நாட்டுமளவு மண்ணேனும் தமதென்று உறுதியாகும்வரை, அப்பாதுகாப்பு அரைகுறையாகவே இருக்கும்.