உஷார்! ஆவணி அவசரத்தில் கண்டவரை ஏணியில் ஏற்றாதீர்கள்

ஆடியில் புதுக்கடை திறப்பவர்கள் குறைவு. தள்ளிப்போட்டவர்களெல்லாம் சேர்ந்து ஆவணி பிறந்ததும் போர்டு கடைகளை முற்றுகையிடும். ஒருவருக்கு முதல் முகூர்த்தத்துக்கே எல்.இ.டி. லெட்டர் எரிய வேண்டும். இன்னொருவர் கட்டட முகப்பு முழுக்க ஏ.சி.பி. ஷீட் அடிக்கச் சொல்லிவிட்டு, நாளை மறுநாள் திறப்பு விழா என்பார். அந்த நேரம் பார்த்து இருக்கிற இரண்டு ஃபிட்டர்களில் ஒருவர் ஊருக்குப் போயிருப்பார். அப்போது வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார்: “அண்ணே, எனக்கு எல்லா வேலையும் தெரியும்.” பெயரைக்கூடச் சரியாகக் கேட்காமல் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். சின்னதாகப் போர்டு கடை நடத்தும் ஒவ்வொருவரையும் கெஞ்சிக் கேட்கிறேன், அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

தவறான ஆளை எடுத்தால் இந்தத் தொழிலில் வீணாவது ஷீட் மட்டுமல்ல. 2023 ஜூன் 1 அன்று கோவை கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகை பொருத்தும்போது இரும்புச் சட்டம் சரிந்து 3 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர், இருசக்கர வண்டியில் போன 23 வயது பெண் மேல் விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி அவர் மேல் ஏறியது. அதன்பின் பேனரை அச்சடித்த கடைக்கும் சீல் வைத்தார்கள். கட்டியது வேறு ஆள், நான் அச்சடித்தேன் அவ்வளவுதான் என்ற பேச்சு அங்கே எடுபடவில்லை.

எனக்கு அதிகம் பயம் தருவது மின்கம்பி. நம் கடைத்தெருக்களில் மாடி ஜன்னலை ஒட்டி 11 கே.வி. லைன் போகிறது. ஸ்குவேர் டியூப் ஒன்றின் நீளம் 20 அடி. அதைத் தோளில் வைத்துக்கொண்டு சாரத்தின் மேல் ஒருவர் சட்டென்று திரும்பினால் போதும். பழகிய ஃபிட்டர் மேலே ஏறும் முன் அண்ணாந்து பார்ப்பார். “லைன் கிட்டக்க இருக்கு, ஈ.பி.யில சொல்லி ஆஃப் பண்ணுங்க, இல்லாட்டி நான் ஏற மாட்டேன்” என்று முரண்டு பிடிப்பார். அவரைத் திட்டாதீர்கள், கூட ஐநூறு கொடுத்தாவது வைத்துக்கொள்ளுங்கள். எதையும் கேட்காமல் விறுவிறுவென்று ஏறுகிறவரைத்தான் கீழே இறக்க வேண்டும்.

புது ஆளை முதல் நாள் கடையிலேயே வைத்துப் பாருங்கள். அந்த நாளுக்கு முழுக் கூலி கொடுத்துவிடுங்கள். இரண்டு துண்டு டியூப் கொடுத்து வெல்டு வைக்கச் சொல்லி, ஆறியதும் சுத்தியலால் ஓங்கி அடியுங்கள். மெல்லிய டியூபை ஓட்டை போடாமல் பற்றவைப்பது எல்லாருக்கும் வராது. கிரைண்டரை எடுத்ததும் அதன் பாதுகாப்பு மூடியைக் கழற்றுகிறாரா என்று கவனியுங்கள். ஆங்கர் போல்டு போடச் சொன்னால், தெரிந்தவர் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார். உள்ளே வெற்றிடமுள்ள ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண ஆங்கர் போல்டு பிடிக்காது. ஊடே போல்டு விட்டுப் பின்னால் பிளேட் கொடுக்க வேண்டும். சேஃப்டி பெல்ட்டின் கொக்கியை எங்கே மாட்டுவீர்கள் என்றும் கேளுங்கள். மாட்டிக்கொண்டிருக்கும் ஃபிரேமிலேயே என்று பதில் வந்தால் அவர் உயரத்துக்கு ஆகமாட்டார், ஏனென்றால் ஃபிரேம் விழுந்தால் அவரையும் இழுத்துக்கொண்டு விழும். கடை அடைத்த பிறகு ராத்திரியில் ஃபிட்டிங் என்றால், வருகிறவர் குடித்திருக்கிறாரா என்று கிட்டே போய் நின்று பாருங்கள். 18 வயது ஆகாத பையனை ஏணி பிடிக்கக்கூட அனுப்ப வேண்டாம்.

உள்வேலைக்கு எடுக்கும் ஆளிலும் ஆபத்து உண்டு. லேசர் மிஷினுக்கு வருகிறவரிடம், எதை வெட்டக்கூடாது என்று கேளுங்கள். பி.வி.சி. என்று சொல்லத் தெரிய வேண்டும். பி.வி.சி.யால் ஆன சன் போர்டை லேசரில் வெட்டினால் கிளம்பும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் அரிக்கும், மிஷினையும் அரிக்கும். அது ரவுட்டரில் போக வேண்டிய சரக்கு. டிசைனருக்கு வேண்டுமென்றே பிழையோடு ஒரு வரி கொடுங்கள்: ‘அணைத்துப் பொருள்களும் கிடைக்கும்.’ அப்படியே அடித்து, கர்வ்ஸ் ஆக்கி, பிரிண்டுக்கு அனுப்பினால் நாளைக்கு வாடிக்கையாளரிடம் நிற்கப்போவது நீங்கள். போர்டில் தமிழ் முதலிடத்தில் பெரிதாக இருக்க வேண்டும் என்ற விதியும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

வெளியூரிலிருந்து போனிலேயே “நாலு ஆள் அனுப்புறேன், டிக்கெட்டுக்குப் பணம் போடுங்க” என்பவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

ஒருநாள் கூலிக்குத்தானே வந்தார், நமக்கென்ன பொறுப்பு என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேலையில் அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்பது 1923-லேயே சட்டமாகிவிட்டது. உங்கள் தொழிலுக்காக ஏறியவர் ஒருநாள் ஆளானாலும் அதில் அடங்குவார். ஆதார் நகல், வீட்டாரின் போன் நம்பர், விபத்துக் காப்பீடு மூன்றும் இல்லாமல் யாரையும் தரையைவிட்டுத் தூக்காதீர்கள்.

நல்ல ஆள் வேண்டுமென்றால் வேலை மந்தமான ஆடியிலேயே தேடுங்கள். ஷீட்டும் எல்.இ.டி.யும் சப்ளை செய்கிறவருக்கு எந்தக் கடையில் யார் கை சுத்தம் என்று தெரியும். பக்கத்து ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு ஓராண்டு. படித்து முடித்த பிள்ளையைப் பழைய ஃபிட்டர் கையில் ஒப்படைத்தால் உங்கள் பழக்கத்திலேயே வளர்வான்.

இந்த ஆவணியில் ஏற்கெனவே முன்பின் தெரியாத கைகளால் மாட்டிய போர்டுகள் இருந்தால் பட்டியல் எடுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அதற்குள் நம்பிக்கையான ஃபிட்டரை அனுப்பி, ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பேனர் வைத்து முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். செலவை வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டாம்.